எந்தத் தீ நம்முடைய தீ?

(கேமரன் மலைத் தோட்ட ஆலயம் ஒன்றில் இளையோர் சமய வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.



குளிரையும் தூறலையும் பொருட்படுத்தாமல் ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இன்றைக்குப் பேசப்போகும் விஷயம் கொஞ்சம் சங்கடமான விஷயம். சாதியை எதிர்த்து எழுந்த சமய இயக்கங்களுக்கும் நம்முடைய இந்து சமயத்துக்கும் என்ன உறவு என்பதுதான் தலைப்பு.

ஏன் இந்தத் தலைப்பு? நான் போகிற இடமெல்லாம் இளைஞர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி இது. கூட்டத்தில் கேட்கத் தயங்குவார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்கள். "ஐயா, நம்ம சமயத்துல சாதி இருக்கா, இல்லையா? பள்ளிக்கூடத்துல மத்த மதத்து நண்பர்கள் கேட்டா என்ன பதில் சொல்றது?" "வள்ளலார் இந்துவா?" "அம்பேத்கர் ஏன் நம்ம சமயத்தை விட்டுப் போனாரு?"

இதற்கு நம்மிடம் ஒரு தயார் பதில் இருக்கிறது. "சாதி நம்ம சமயத்துல இல்லை, இடையில வந்தது, அவ்வளவுதான்." இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். கேட்ட பிள்ளைக்கு அது போதவில்லை. அவன் வீட்டில், அவள் உறவினர் கல்யாணத்தில், அந்த இடையில் வந்த சாதி இன்னும் உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்க்கிறார்கள். ஆகவே இன்றைக்கு அந்தத் தயார் பதிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி பேசுவோம்.

ஒரே நூலில் இரண்டு தீ

பெரிய புராணத்திலிருந்தே தொடங்குவோம். சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் பாடியது. அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு. சமய வகுப்பில் படித்திருப்பீர்கள். அதில் குயவர் இருக்கிறார், வேடர் இருக்கிறார், மீனவர் இருக்கிறார், துணி வெளுப்பவர் இருக்கிறார், மன்னரும் இருக்கிறார். எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்து நாம் கும்பிடுகிறோம். உலகத்தில் எத்தனை சமயங்களில் இப்படி ஒரு வரிசை உண்டு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் தப்பில்லை.

ஆனால் அந்த நூலில் வரும் இரண்டு வரலாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, திருநாளைப்போவார் நாயனார். நந்தனார் என்று சொன்னால் உடனே தெரியும். ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவர். பூசைக்குக் கோரோசனை கொடுத்தவர். அவர் கொடுத்த தோலில் எழுந்த ஓசை கோயிலுக்குள் கேட்டது. அவர் மட்டும் உள்ளே போக முடியாது. திருப்புன்கூரில் சுவாமி அவருக்காக நந்தியை விலகச் செய்தார். நந்தி விலகியது. ஆனாலும் நந்தனார் வாசலில் நின்றுதான் தரிசனம் செய்தார். பிறகு தில்லைக்குப் போனார். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று தள்ளித் தள்ளிப் போட்டுப் போனவர், அங்கேயும் எல்லையில் நின்றார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொன்னார். தில்லைவாழ் அந்தணர்கள் தீ வளர்த்தார்கள். அவர் தீயில் புகுந்து, பூணூலும் சடைமுடியும் உடைய முனிவராக எழுந்து, உள்ளே போனார்.

(ஒரு சின்ன விளக்கம். நந்தனாரைக் கொடுமைப்படுத்தும் பண்ணையார் வேதியர் ஒருவர் படத்திலும் கதாகாலட்சேபத்திலும் வருவாரே, அவர் சேக்கிழார் நூலில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்தவர்.)

இன்னொரு வரலாறு. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கூட அவர் துணைவியார் மதங்கசூளாமணியார். பாணர் குலம். அந்தக் காலத்தில் ஊருக்குள் சேர்க்காத குலம். ஒருநாள் சம்பந்தர் சாத்தமங்கைக்கு வருகிறார். அங்கே திருநீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில் தங்குகிறார். இரவு படுக்கும் நேரம். "யாழ்ப்பாணரும் அவர் துணைவியாரும் தங்க இடம் கொடுங்கள்" என்று சம்பந்தர் கேட்கிறார். நீலநக்கர் எங்கே இடம் கொடுத்தார் தெரியுமா? திண்ணையிலா? கொல்லைப்புறத்திலா? வீட்டின் நடுவில், தினமும் வேள்வி செய்யும் வேதிகைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அப்போது அந்த வேள்வித் தீ வலப்பக்கமாகச் சுழித்து ஓங்கி எழுந்தது என்கிறார் சேக்கிழார். அதாவது தீ மகிழ்ந்தது.

ஒரே நூல். ஒரே ஆசிரியர். இரண்டு தீ. ஒரு தீ, "நீ என்னுள் குளித்து எழுந்தால்தான் உள்ளே போகலாம்" என்று கேட்கிறது. இன்னொரு தீ, அவர் வந்து பக்கத்தில் படுத்ததற்காகவே ஓங்கி எழுகிறது.

நந்தனார் புகுந்த தீக்கு நம் சைவப் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அவர் தூய்மையை ஊருக்குக் காட்டவே இறைவன் அப்படிச் செய்தான் என்பார்கள். அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எழுந்து, "அறுபத்து மூவரில் அவருக்கு மட்டும் ஏன் ஐயா அப்படிக் காட்ட வேண்டியிருந்தது?" என்று கேட்டால் அந்தக் கேள்வியை நான் அடக்க மாட்டேன். அது நியாயமான கேள்வி. ஆயிரம் வருஷமாக நம் சமயத்துக்கு உள்ளேயும், வாசலிலும், வெளியிலும் நின்று பலர் கேட்ட கேள்வி அதுதான். அவர்களைத்தான் இன்றைக்குச் சாதி எதிர்ப்புச் சமய இயக்கங்கள் என்று சொல்கிறோம்.

இந்த மலையில் தேயிலை நட்ட காலம்

இப்போது நம்ம மலைக்கு வருவோம். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். ரசல் என்ற ஆங்கிலேயர் காட்டை வெட்டித் தொடங்கினார் என்று சுற்றுப்பயணிகளுக்குச் சொல்வார்கள். வெட்டிய கைகளில் நம்ம முன்னோர் கைகளும் உண்டு. அந்தச் சரிவில் நின்று கொழுந்து எடுத்தவர்களும், முதுகில் கூடை சுமந்தவர்களும் நம்ம பாட்டி, பூட்டிமார்.

அந்த 1929-ஆம் வருஷத்தை நன்றாக நினைவில் வையுங்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் ஆதிதிராவிட மக்களுக்கும் நாடார் மக்களுக்கும் திறக்கவில்லை. திருவிதாங்கூர் அரசுக் கோயில்கள் திறக்கவில்லை. அங்கே வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்கே 1924-இலும் 1925-இலும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் கக்கன் முதலியவர்களை அழைத்துக்கொண்டு மதுரைக் கோயிலுக்குள் போனார். அதற்கும் எதிர்ப்பு வந்தது. ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து பாதுகாப்பு கொடுத்தது.

இன்னொரு தேதி. இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது 1938-இல். கங்காணி ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய காலம் அதோடு முடிந்தது. மதுரைக் கோயில் திறந்ததோ 1939-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். கங்காணியோடு இந்த நாட்டுக்கு வந்தவர்களில் கணிசமானவர்கள் ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரிய கோயிலின் உட்புறத்தை ஒருநாளும் பார்க்காமலேயே கப்பல் ஏறியவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து என்ன செய்தார்கள்? லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு மாரியம்மா என்றார்கள். மரத்தடியில் சூலம் ஊன்றி முனீஸ்வரா என்றார்கள். பிறகு தகரக் கொட்டகை போட்டார்கள். சம்பளத்தில் பிடித்து மிச்சம் வைத்துச் செங்கல் வாங்கினார்கள். நம்மை வாசலில் நிறுத்திய சமயம் இது என்று கடலில் வீசிவிட்டு வந்திருக்கலாம். வீசவில்லை. தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். இன்றைக்கு மலேசியாவில் இந்து சமயம் இத்தனை கோபுரங்களோடு நிற்கிறதென்றால், அதில் பெரும்பங்கு கோபுரத்துக்குள் விடப்படாதவர்கள் போட்ட அஸ்திவாரம். இதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கப்பலில் சாதியும் வந்தது. மலாயாவின் பழைய தோட்டங்கள் பலவற்றில் சாதிக்கொரு லயம் இருந்தது. தனித்தனிக் கோயில்களும் இருந்தன. கங்காணி தன் ஆட்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார். துரைமார்களுக்கும் அது வசதியாக இருந்தது. காலையில் பிரட்டுக்கு எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். மாலையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது பிரிந்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்கத் தோட்டத்து மக்கள் கூடியதற்குக் காரணம் இதுதான். அவருடைய இறைமறுப்பை நாம் ஏற்கவில்லை. ஆனால் மக்கள் கூடியது இறைமறுப்புக்காக மட்டும் இல்லை, மானத்துக்காகவும் என்பதை மறைக்கக் கூடாது.

வாசலில் நின்றவர்கள் செய்தது

வாசலில் நிறுத்தப்பட்டவர்களும், அவர்களுக்காக நின்றவர்களும் என்னென்ன செய்தார்கள் என்று பார்ப்போம். மூன்று பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கன்னியாகுமரிப் பக்கம் சாமித்தோப்பில் 1809-இல் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறும் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதியார் ஆட்சேபிக்க, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். பெயர் வைக்கக்கூட உரிமை இல்லாத காலம். அந்தச் சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது என்ற காலம். அந்தப் பிள்ளைதான் ஐயா வைகுண்டர் ஆனார். என்னை வழிபட வருகிறவர்கள் தலைப்பாகையோடு வாருங்கள் என்றார். எல்லாச் சாதியாரும் இறைக்கப் பொதுக் கிணறு வெட்டினார். சேர்ந்து உண்ண வைத்தார். ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் எழுந்தன. ஐயா வழிக் கோயிலுக்குள் போனால் சிலை இருக்காது, கண்ணாடி இருக்கும். கும்பிட நிற்கிறவன் தன்னையே பார்ப்பான். "நீ தீட்டு" என்று ஊர் சொன்னவனிடம், "உனக்குள்ளே இருப்பவனைப் பார்" என்றது அந்தக் கண்ணாடி. இதற்காகத் திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் வைத்தது.

அதே பக்கத்தில், கேரளத்தில் நாராயண குரு. 1888-இல் சிவராத்திரியன்று அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் சாதியில் பிறந்த நீர் சிவனைப் பிரதிஷ்டை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு, நான் வைத்தது எங்கள் சிவனைத்தான் என்று பதில் சொன்னார் என்பார்கள். சண்டை போடவில்லை, சமயத்தை விட்டும் போகவில்லை. கோயிலுக்குள் விடாதவர்களிடம் கெஞ்சாமல் கோயில் கட்டினார். பக்கத்தில் பள்ளிக்கூடமும் கட்டச் சொன்னார்.

மூன்றாவது நம்ம வள்ளலார். 1823-இல் மருதூரில் பிறந்தவர். சென்னைக் கந்தகோட்டத்தில் முருகனைப் பாடியவர். 1865-இல் சங்கம் தொடங்கினார். 1867-இல் வடலூரில் தருமசாலை. அங்கே ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. பசித்து வந்தவனிடம் சாதி கேட்பதில்லை. 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞான சபை திறந்தார். நாம் பத்துமலையிலும் பினாங்கிலும் காவடி எடுக்கும் அதே நாளில் வடலூரில் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுகிறார்கள்.

வள்ளலார் முதலில் பழுத்த சைவர். பிறகு படிப்படியாக நகர்ந்தார். 1873-இல் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிப் பேசிய பேருபதேசத்தில், வேத ஆகம புராணங்களில் லட்சியம் வைக்க வேண்டாம் என்று அன்பர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தாமும் முன்பு சைவ சமயத்தில் மிகுந்த பற்று வைத்திருந்ததாகவும், அதை விட்டதாகவும் சொன்னார். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பக்கத்தார் அவர் பாடலை அருட்பா இல்லை, மருட்பா என்றார்கள். 1869-இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போனது. நாவலர் சாதாரண ஆள் இல்லை. சைவத்துக்கும் தமிழுக்கும் அச்சுக்கும் அவர் செய்தது பெரிய தொண்டு. அவ்வளவு பெரியவரும் வள்ளலாரை எதிர்த்தார். இன்றைக்கு நம் சைவ ஆலயங்களில் வள்ளலார் பாட்டும் ஒலிக்கிறது. எதிர்த்த வீட்டுக்குள்ளேயே அந்தப் பாட்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

வெளியே போனவர்

எல்லாரும் உள்ளே வந்து உட்காரவில்லை. டாக்டர் அம்பேத்கர் போனார். எப்படிப் போனார் என்று தெரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் சிலர் கோபப்படுகிறார்கள்.

1930 மார்ச் 2-ஆம் தேதி நாசிக்கில் காளாராம் கோயில் வாசலில் அவர் தலைமையில் மக்கள் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். காளாராம் என்றால் இராமர் கோயில். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டது இராமரைப் பார்க்க அனுமதி. இடிக்க வரவில்லை, எரிக்க வரவில்லை. கும்பிட வந்தார்கள். அந்தப் போராட்டம் வருஷக்கணக்கில் நீண்டது. கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில் அவர் சொன்னார்: இந்துவாகப் பிறந்தது என் கையில் இல்லை, இந்துவாகச் சாக மாட்டேன். அப்படிச் சொன்ன மறுநாளே போய்விடவில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு புத்த சமயத்தைத் தழுவினார்.

தம்பிகளே, இந்த இருபத்தொரு வருஷம் யாருக்குக் கொடுத்த அவகாசம்? நமக்கு. "அவர் ஏன் போனார்" என்று கேட்கிறோமே, "அவர் நின்றபோது நாம் ஏன் திறக்கவில்லை" என்று அல்லவா முதலில் கேட்க வேண்டும்! சாதியை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சிலர் சொல்வார்கள். வெள்ளைக்காரன் கணக்கெடுத்தான், சட்டத்தில் எழுதினான், தன் வசதிக்குப் பயன்படுத்தினான். அதெல்லாம் உண்மை. ஆனால் காளாராம் கோயில் கதவை உள்ளிருந்து சாத்தியது இராமரைக் கும்பிடுகிறவர்கள்தான்.

இவர்கள் எல்லாரும் இந்துக்களா?

இப்போது முதலில் வந்த கேள்விக்கு வரலாம். நான் மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, யாரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் நம் பட்டியலில் சேர்க்க வேண்டாம். நாராயண குரு அத்வைதத்தில் நின்றவர். அவர் வைத்தது சிவலிங்கம். அவரை நம்மவர் என்று சொல்லலாம். ஐயா வழி அன்பர்களில் சிலர் நாங்கள் இந்து என்கிறார்கள், சிலர் எங்கள் வழி தனி என்கிறார்கள். கர்நாடகத்துப் பசவண்ணரின் வழியில் வந்த லிங்காயத்துகளிடமும் இதே விவாதம் உண்டு. 2018-இல் அவர்களைத் தனிச் சமயமாக ஏற்கும்படி கர்நாடக அரசே மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. வள்ளலார் அன்பர்களிலும் இரு தரப்பு உண்டு. அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதற்கு மரியாதை கொடுப்போம். அம்பேத்கர் தெளிவாகப் போனார். "புத்த சமயமும் நம்மில் ஒன்றுதானே" என்று சொல்லி அவரை இழுத்து வந்து உட்காரவைப்பது அவருடைய முடிவை மதிக்காத செயல்.

இரண்டாவது, இவர்களைச் சமயத்துக்குப் பகைவர் என்று சொல்ல வேண்டாம். சாத்தமங்கையில் ஓங்கி எழுந்ததே, அந்தத் தீயைத்தான் இவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஈசன் எல்லா உயிரிலும் இருக்கிறான் என்று நாம் பாடியதை அவர்கள் நம்பினார்கள். நம்பினதால்தான் கேட்டார்கள்.

மூன்றாவது, உறவு என்பது பெயரில் இல்லை, நடப்பில் இருக்கிறது. கோயிலில் வள்ளலார் படத்தை மாட்டிவிட்டு, பந்தியில் ஆள் பார்த்து இலை போட்டால் வள்ளலாருக்கும் நமக்கும் உறவு கிடையாது.

நம்ம மலையில், நம்ம வீட்டில்

இப்போது கொஞ்சம் கிட்டத்தில் வருவோம்.

"ஐயா, இப்ப யாரு சாதி பாக்குறா? கோயில்ல எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கிறோம்." உண்மை. திருவிழாவில் தீச்சட்டி எடுக்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை. அன்னதானத்தில் ஒன்றாக உட்காருகிறோம். நம்ம பாட்டிமார் காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆலய நிர்வாகத் தேர்தல் வந்தால் சில ஊர்களில் காதோடு காது ஒரு பேச்சு ஓடுகிறது. "தலைவர் நம்ம ஆளா, அவங்க ஆளா?" இந்த உபயம் இன்னாருக்குத்தான், அந்த மரியாதை இன்னாருக்குத்தான் என்று சாதி பார்த்து வைத்திருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணம். மகள் ஒரு பையனைச் சொல்கிறாள். நல்ல பையன், வேலை இருக்கிறது, குடிப்பழக்கம் இல்லை, ஒரே கோயிலில் தேவாரம் பாடி வளர்ந்தவர்கள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "அவங்க என்ன ஆளுங்க?" அந்தக் கேள்வியில் எல்லாம் நின்றுவிடுகிறது. அந்தப் பையனுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது, தான் இத்தனை வருஷமாகத் திருப்புன்கூர் வாசலில் நின்றுகொண்டிருந்தோம் என்று.

தங்கைகளே, தம்பிகளே, அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளை பிறகு கோயிலுக்கு வராமல் போனால் யாரைக் குறை சொல்வது? வேறு சமயத்துக்குப் போய்விட்டால் "மதமாற்றம், மதமாற்றம்" என்று கூட்டம் போடுகிறோம். அவன் போனதற்கு முந்திய வருஷம் அவன் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தது யார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

சிலர் என்னிடம் சொல்வார்கள்: "இந்த நாட்டில் நாம சிறுபான்மை. இதையெல்லாம் வெளிப்படையாப் பேசினா ஒற்றுமை கெட்டுப்போகும்." அவர்களுடைய அக்கறை புரிகிறது. ஆனால் ஒற்றுமை பேச்சால் கெடுவதில்லை. அந்தக் கல்யாணக் கேள்வியால் கெடுகிறது. அது கெட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. நாம் மூடி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சிறுபான்மையாக இருப்பவர்கள் தங்களுக்குள் இன்னும் சின்னச் சின்னச் சிறுபான்மைகளை உண்டாக்கிக்கொண்டால் மிஞ்சப்போவது என்ன?

பசவண்ணர் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், கல்யாண நகரில் நடந்ததாகச் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. அவர் அடியார்களில் அரளய்யா செருப்புத் தைப்பவர். மதுவரசர் பிராமணராகப் பிறந்தவர். சிவனடியார் ஆனபின் நமக்குள் சாதி ஏது என்று அரளய்யா மகனுக்கு மதுவரசர் மகளைக் கொடுத்தார்கள். அரசன் பிச்சளன் இரண்டு தகப்பன்மாரையும் கொல்லச் செய்தான். சேர்ந்து பாடியபோது வராத கோபம், சேர்ந்து சாப்பிட்டபோது வராத கோபம், பெண் கொடுத்தபோது வந்தது. சாதி எங்கே குடியிருக்கிறது என்று அந்த அரசனே காட்டிக்கொடுத்துவிட்டான்.

அந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. பசவண்ணர் வழியில் வந்தவர்களுக்குள்ளேயே பிற்காலத்தில் உட்பிரிவுகள் முளைத்தன. சாதியை எதிர்த்துப் பிறந்த கூட்டமும் கவனமாக இல்லாவிட்டால் இன்னொரு சாதியாகிவிடும். ஆகவே இது ஒரு தலைமுறையோடு முடிகிற வேலை இல்லை. நந்தனார் தீக்குளித்தார், வள்ளலார் வந்தார், இனிப் பிரச்சினை இல்லை என்று உட்கார முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டுக் கதவைத் தானே திறக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டுக் கலைந்து போனால் பலன் இல்லை. உங்களால் முடிகிற மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நம் இளைஞர் சபையில் எந்தப் பொறுப்புக்கும் சாதி பார்க்க மாட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, எழுதி வையுங்கள். ஆலய உபயப் பட்டியலில் சாதிப் பெயர் இருந்தால், பெரியவர்களிடம் பணிவாக உட்கார்ந்து பேசுங்கள். "தாத்தா, உங்க காலத்துல இது வழக்கம். எங்க காலத்துல குடும்பப் பேருல போடலாமே, இல்லன்னா எந்த லயம்னு போடலாமே" என்று கேளுங்கள். சண்டையாகப் போகாதீர்கள். ஆனால் கேட்காமலும் விடாதீர்கள்.

இரண்டு, தோட்டத்துப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கோயில் கட்டிய கதையைக் கேட்டு எழுதுங்கள். யார் கல் சுமந்தது, யார் முதல் பூசை வைத்தது, யார் எந்த லயத்தில் இருந்தது, யாருக்கு எங்கே இடம் மறுத்தார்கள், எல்லாவற்றையும். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் எழுதுங்கள். தோட்டங்கள் ஆள் குறைந்து வருகின்றன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். இப்போது எழுதாவிட்டால் சுமந்தவர்கள் பெயர் மறைந்துவிடும். கல்வெட்டில் பணம் கொடுத்தவர் பெயர் மட்டும் நிற்கும்.

மூன்று, இது உங்கள் வீட்டுக்குள். உங்கள் அக்காவுக்கோ அண்ணனுக்கோ நாளை அந்தக் கேள்வி வரும். "என்ன ஆளுங்க?" அப்போது நீங்கள் பேசாமல் டிவி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். "அப்பா, பையன் குணம் எப்படின்னு கேளுங்க, வேலை கேளுங்க, கடன் இருக்கான்னு கேளுங்க. இதை மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லுங்கள். ஒரே நாளில் அப்பா மாற மாட்டார். அவரும் அவர் அப்பாவிடம் கற்றதைத்தான் பேசுகிறார். திரும்பத் திரும்ப, மரியாதை குறையாமல் சொல்லுங்கள். உங்களுக்கே அந்த முறை வரும்போது, நீங்களும் கேட்காதீர்கள்.

திருநீலநக்கர் வேதம் ஓதிய அந்தணர். ஆகமம் அறிந்தவர். ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாதா? யாழ்ப்பாணருக்கு எங்கே இடம் கொடுப்பது என்று தீர்மானிக்க அவருக்கு அந்த இராத்திரியில் ஒரு கணம்தான் இருந்தது. திண்ணையைக் காட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நடு வீட்டைக் காட்டினார். அதனால் நாயன்மார் வரிசையில் அவரை நாம் இன்றைக்கும் கும்பிடுகிறோம். நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு இராத்திரி வரும். விருந்தாளியாகவோ, மருமகளாகவோ, மருமகனாகவோ ஒருவர் வந்து நிற்பார். அவரை எங்கே உட்காரவைக்கிறோமோ, அதுதான் நம் சமயம்.

எல்லாம் வல்ல ஈசனும், நம் தோட்டத்தைக் காத்து நிற்கும் மாரியம்மாளும் உங்களுக்கு அந்தத் துணிவைக் கொடுக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.